மாமா வைத்த பாக்கு

செங்காந்தள் ஹாலிடே ரிசார்ட்,
வெள்ளியங்காட்டுக்கும் மேற்கே,
காரமடை வழி.
27-9-94

அருமை மருமகள் பிரத்யுஷாவுக்கு,

உன் தாய்மாமன் பாலகோபால் எழுதுவது. இங்கே நான் மகாராஜா மாதிரி இருக்கிறேன். அங்கே நீ என் மேல் கோபமாக இருப்பாய். இரண்டும் தெரிந்த சங்கதிதான் என்பதால் நலம் விசாரிக்கிற பாராவைத் தாண்டி நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று நினைக்காதே கண்ணு. சொன்னேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வயிற்றுப்பிள்ளைக்காரியை எழுப்பக் கூடாது என்று கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னேன். பக்கத்து ஊட்டு ஜன்னத் அம்மாவிடமும், "அம்மணி, நம்ம பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்குங்க, நான் ஒரு முக்கியமான கான்பரன்ஸ் போய்ட்டு வாரேன்" என்று சொல்லித்தான் வந்தேன்.

சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்த அன்றே என் நெஞ்சில் ஒரு கரகரப்பு தட்டுப்பட்டது. என் உடம்பு வாகு அப்படி. இந்தியாவில் எந்த மூலையில் எந்த நோய் கிளம்பினாலும் முதலில் எனக்குத்தான் தகவல் வரும். கோயமுத்தூரில் டெட்ராசைக்ளின் மாத்திரைக்கு ஜனங்கள் அடித்துக்கொள்கிறார்கள், மூக்கில் கர்ச்சீப் கட்டாத ஆளைப் பார்க்க முடியவில்லை. இந்த நேரத்தில் மாப்பிள்ளை ரவிதேஜா நூல் வாங்க சூரத்துக்கே போய் மாட்டிக்கொண்டால் அது என் குற்றமா? "மாமா, நான் வர்ற வரைக்கும் நீங்கதான் ஊட்டுக்கு ஆம்பளை" என்று எஸ்டிடியில் சொன்னார். சொன்னது சரிதான். ஆனால் பார்த்துக்கொள்கிற ஆள் முதலில் உயிரோடு இருக்க வேண்டுமா இல்லையா?

மேஜை டிராயரில் இருந்த ரிசார்ட் கூப்பனை நான்தான் எடுத்தேன். வீணாகப் போவானேன் என்று.

இடம் ஆகா ஓகோ! பின்னால் மலை, முன்னால் புல்வெளி, நடுவில் நான். நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். ரிட்டயர்டான கலெக்டர் ஒருத்தர், மில் ஓனர்கள் குடும்பம் குடும்பமாக, சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிற ஆள் ஒருத்தர். "நீங்க இருக்கறதாலதானுங்க தைரியமா இருக்கறம்" என்று எல்லாரும் என்னைச் சுற்றியே உட்காருகிறார்கள். போன் இல்லை. மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டதாக மேனேஜர் சென்னிமலை சொல்கிறான். பெரிய இடங்களில் போன் இல்லாமல் இருப்பதுதான் இப்போது நாகரிகம்.

ஒரே ஒரு சின்ன விஷயம். இங்கே தங்கியிருக்கிறவர்கள் ஒரு கையை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறார்கள். இடுப்பில் குடம் இருந்தால் எப்படியோ அப்படி. புதுப் பேஷன் போலிருக்கிறது. நானும் அப்படி நடந்து பார்த்தேன், காற்றோட்டமாகத்தான் இருக்கிறது.

வாரேன்.
வி. பாலகோபால்,
முன்னாள் மில் சூப்பர்வைசர் (ஆக்டிங்)


பீளமேடு,
29-9-94

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டாக்டர் என்னைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொன்னது உங்களுக்குத் தெரியும். அவர் சொல்லும்போது நீங்கள்தான் பக்கத்தில் நின்று, "கவலைப்படாதீங்க டாக்டர், நான் மிலிட்டரி மாதிரி பாத்துக்கறேன்" என்றீர்கள். அடுத்த நாள் காலையில் உங்கள் பெட்டியைக் காணோம்.

அந்தக் கூப்பன், குழந்தை வருவதற்கு முன்னால் ஒருமுறை போய்விட்டு வரலாம் என்று உங்கள் மாப்பிள்ளை எனக்காக வாங்கியது. பரவாயில்லை. பெட் ரெஸ்ட்டில் இருப்பவளுக்கு மலை எதற்கு?

ஜன்னத் அக்காதான் கஞ்சி வைத்துத் தருகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை தினமும் எஸ்டிடி பூத்திலிருந்து பேசுகிறார். காய்ச்சல் இல்லையாம். ஆனால் சூரத்திலிருந்து வருகிறவர்களை வழியெல்லாம் நிறுத்தி வைக்கிறார்களாம். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியவில்லை.

கோபத்தில் ரிசார்ட்டின் டவுன் ஆபீசுக்குப் போன் செய்தேன். பயத்தில் எல்லாரும் கேன்சல் செய்துவிட்டார்களாம். "உங்க மாமா ஒருத்தர்தான் மேடம் இருக்கார்" என்றார்கள். மேனேஜரும் சமையல்காரரும் தவிர அங்கே வேறு ஆளே இல்லையாம்.

கலெக்டர் பொய், மில் ஓனர் பொய், பாட்டு எழுதுகிறவர் பொய். சட்டைப் பையில் மூன்று பேனா குத்திக்கொண்டு ஒன்றில்கூட மை இல்லாமல் திரியும் உங்களை எனக்குத் தெரியாதா? ஆனால் மாமா, நீங்கள் பொய் சொன்னால் பெரிதாகத்தான் சொல்வீர்கள். யானை, கலெக்டர், ஏரோப்ளேன். கையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை சின்னதாக ஒரு பொய் உங்களுக்குச் சொல்ல வராது. இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறான். பிளேக் கண்டால் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுமாம், கையை உடம்போடு ஒட்ட முடியாதாம்.

அது யார் மாமா?

ஐப்பசி முதல் வெள்ளி சீமந்தம். அம்மா இல்லாத எனக்கு முதல் வளையல் நீங்கள்தான் போட வேண்டும். உடனே வாருங்கள்.

பிரத்யுஷா


செங்காந்தள் ரிசார்ட்,
1-10-94

மருமகளே,

டவுன் ஆபீசில் உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்குகிறவனுக்கு மலையடிவாரத்து நடப்பு என்ன தெரியும்? சரி, நூறு என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். கலெக்டரையும் எடுத்துவிடு. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள், அது சத்தியம்.

காலையில் யாரும் வெளியே வருவதில்லை. உச்சி வெயில் ஏறி, புல்வெளியில் மர நிழல் காலடிக்குள் சுருண்டதும் வந்துவிடுகிறார்கள். கூரைக்குக் கீழே ஒருத்தரும் உட்காருவதில்லை. வெட்டவெளியில்தான் பாய். ஆளுக்கொரு துணி மூட்டை, அதற்குள் பித்தளைச் செம்பு. பெரிய பணக்காரர்கள் இப்போது இப்படித்தான் எளிமையாக டூர் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாடு தொடுவதில்லை. டயட்டில் இருப்பார்கள்.

பேச்சு மட்டும் விநோதம். காளியாத்தாள் என்று ஒரு அம்மா, என்னைவிட இளையவள்தான், நேற்று பக்கத்தில் வந்து, "ஏனுங்க, உங்க ஊட்ல எலி விழுந்துச்சுங்களா?" என்றாள்.

"எங்க ஊட்லயா? எலிக்கே எங்க ஊட்ல தனி ரூமுங்க" என்று சொன்னேன். எல்லாரும் மெதுவாகப் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். தமாசு புரியாத கூட்டம்.

அப்புறம் நரசிம்மலு என்கிற பெரியவர், காலை அகட்டி அகட்டித்தான் நடப்பார், கேட்டார்: "ஊரைத் திறந்துட்டாங்களுங்களா?"

"ஊரா? பீளமேட்டுல ஊடு நம்முளுதுங்க, மாடி ஊடு, ஊரே நம்ம பேச்சைக் கேட்டுத்தானுங்க நடக்குது" என்றேன். நீ கோபிக்காதே. உன் வீட்டை என் வீடு என்று சொன்னதில் என்ன தப்பு? உங்கள் அவுட்ஹவுஸில்தானே இருக்கிறேன். பீளமேடு என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அந்தப் பக்கம்தானாம்.

ரிசப்ஷனில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே துருப்பிடித்த பெரிய பெரிய பழங்காலத்துச் சாவிகள். இந்தப் புல்வெளிக்கு மண் வெட்டியபோது குவியலாகக் கிடைத்ததாம், அழகுக்கு வைத்திருக்கிறான். காளியாத்தாள் வாசலுக்கு வெளியிலேயே நின்று அதைக் காட்டி, "மேல இருந்து ரெண்டாவது எங்க ஊட்டுதுங்க" என்றாள். சென்னிமலையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் என்னையே பார்க்கிறான். "ஐயா, வெயில்ல ரொம்ப நேரம் உக்காராதீங்க. தனியாப் பேசிட்டிருக்கீங்கன்னு சமையல்காரன் பயப்படறான்" என்கிறான். இவனையெல்லாம் மேனேஜராக வைத்தால் ரிசார்ட் எப்படி உருப்படும்?

இடம் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நாள் தங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மாமன் அங்கே இருப்பேன், பிரமாதமான வளையலோடு.

வாரேன்.
வி. பாலகோபால்,
பொதுஜன சேவகர்


பீளமேடு,
3-10-94

மாமா,

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

அம்மா சொல்லியிருக்கிறாள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பிளேக் வந்தபோது வீட்டில் எலி செத்து விழுந்தால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு காட்டில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அங்கேயும் நெறி கட்டியவர்களை மட்டும் பிரித்து, மலையடிவாரத்தில் வேறு கொட்டகையில் விட்டார்கள். நோய் ஓய்ந்ததும் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். அடிவாரத்தில் விட்டவர்களை மட்டும் யாரும் போய்க் கூப்பிடவில்லை. அம்மா இதோடு நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இங்கே பிளேக் மாரியம்மன் கோவிலில் காலையிலிருந்து கூட்டம். ஜன்னத் அக்கா எனக்காக வேப்பிலை வாங்கி வந்து ஜன்னலில் கட்டிவிட்டுப் போனார்கள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்றே கிளம்புங்கள். கிளம்பும்வரை அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லாதீர்கள். "நம்ம ஊட்டுக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் வாயில் சும்மா வரும். உடுமலைப்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரை அப்படிக் கூப்பிட்டு, அவர் குடும்பத்தோடு வந்து தீபாவளி வரைக்கும் இருந்தது நினைவிருக்கிறதா? அவருக்காவது போக வேறு வீடு இருந்தது.

பிரத்யுஷா


செங்காந்தள் ரிசார்ட்,
6-10-94

கண்ணு,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் பால் வேனில் வந்தது. ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

நேற்று அமாவாசை. நிறைந்த நாள். உன் சீமந்தத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை பலகாரம், எத்தனை ஜாதிப் பூ, நாதஸ்வரம் எந்த ஊரிலிருந்து என்றெல்லாம். கேட்டுக்கொண்டே இருந்த காளியாத்தாள், "நல்லா நடக்கட்டுங்க. எங்களையெல்லாம் யாருங்க விசேஷத்துக்குக் கூப்பிடறாங்க?" என்றாள். குறை சொல்கிற குரலே இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்லுவோமே, அப்படிச் சொன்னாள்.

"சொந்தபந்தம் இல்லீங்களா?" என்றேன்.

"எல்லாரும் இருக்கறாங்க. வந்து கூப்பிடறம்னு சொல்லித்தான் போனாங்க."

எனக்குத் தாங்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, ஒருவர் முகம் வாடினால் அவருக்கு நான் எதையாவது கொடுத்துவிடுவேன், என்னுடையதோ இல்லையோ. "என்னங்க இது, நான் கூப்பிடறன். வாய் வார்த்தையாக்கூட இல்லீங்க, பாக்கு வெச்சே கூப்பிடறன்" என்று எழுந்தேன். காரமடையிலிருந்து சென்னிமலை பூஜைக்கு வாங்கி வைத்திருந்த வெற்றிலைக் கட்டைக் கேட்காமலே எடுத்தேன். தாம்பாளத்தில் குங்குமம், பாக்கு. ஒவ்வொரு பாய் முன்னாலும் குனிந்து, "ஐப்பசி மொத வெள்ளி, நம்ம பொண்ணுக்கு சீமந்தம். பீளமேட்டுல நம்ம ஊடு. குடும்பத்தோட வந்துரோணும்" என்று முறையாக வைத்தேன்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். தள்ளியே வைத்திருந்த கையை ஒவ்வொருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக முன்னால் கொண்டுவந்தார்கள். ஒற்றைக் கையில் பாக்கு வாங்குவது மரியாதை இல்லையாம். வலியில் கண்ணில் நீர் நிற்கிறது, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"வழி தெரியுமுங்களா?" என்றேன்.

"பொறந்த ஊருக்கு வழி தெரியாதுங்களா? நடந்தே வந்தர்றமுங்க" என்றாள் காளியாத்தாள்.

இன்று உச்சிக்குப் புல்வெளியில் ஆளே இல்லை. நரசிம்மலு மட்டும் ஒரு ஓரமாக, நடக்க முடியாமல், பாயில் இருக்கிறார். அவர் மடியிலும் வெற்றிலை இருக்கிறது. மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள் என்றார். "கூப்பிட்டு ரொம்ப நாளாச்சுங்க, அதான் அவசரம்."

ஒன்றும் ஆகாது. பயப்படாதே. நல்ல மரியாதைக்காரர்கள்.

வாரேன்.
பாலகோபால்


பீளமேடு,
8-10-94

மாமா,

வந்துவிட்டார்கள்.

நேற்று மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், ஜன்னலுக்கு நேராக கேட்டில் ஒரு குரல். "ஏனுங்க அம்மணி, பாலகோபாலு ஊடு இதுதானுங்களா?" ஒரு பெண். வெயிலில் நிற்கிறாள், முகத்தில் வேர்வை இல்லை. ஒரு கை தள்ளி இருக்கிறது. இன்னொரு கையில் வெற்றிலை பாக்கு. பறித்த ஈரத்தோடு இருக்கிறது மாமா அந்த வெற்றிலை.

அவளே சொன்னாள்: "நாள் இருக்குதுங்க, தெரியுமுங்க. பந்தல் போடற வரைக்கும் இங்கயே இருந்துக்கறமுங்க." எதிர்க் காலி சைட்டில் கருவேல மரத்தடியில் பாய் விரித்தார்கள். எத்தனை பேர் என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை. குழந்தைகளும் இருக்கிறார்கள். அதை நீங்கள் எழுதவே இல்லை.

ஜன்னத் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெறும் சைட்தானேம்மா" என்றார்கள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் போகும்போது மோட்டார் ரூம் பக்கம் நின்று சத்தம் போட்டார்கள். ஒரு எலி செத்துக் கிடந்தது. சும்மா எலிதான், விஷம் வைத்திருப்பார்கள் என்று மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். இன்று காலை இன்னொன்று.

மத்தியானம் ஜன்னலில் நின்று, "விசேஷம் இல்லீங்க, நின்னுபோச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அம்மா சிரிப்பது மாதிரி. "பாக்கு வெச்சவருதானுங்க அம்மணி அதைச் சொல்லோணும். நீங்க கால் வலிக்க நிக்காதீங்க, போய்ப் படுங்க." என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட பார்வை இல்லை மாமா. ஆசையாகத்தான் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? பாக்கு வைத்து அழைத்தவர்களை "வாங்க" என்று சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னால் உள்ளே வருவார்கள். எனக்கு நலுங்கு வைத்துக் கன்னத்தைத் தொடுவார்கள். வளையல் போடுவார்கள்.

வைத்த பாக்கு எப்போது திரும்பும் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் துக்கம் விழுந்தால் மட்டும்தான். அம்மா கல்யாணத்துக்குப் பாக்கு வைத்த பிறகு தாத்தா இறந்துபோக, நீங்கள்தான் வீடு வீடாகப் போய்த் துக்கம் சொன்னீர்கள், கொடுத்த பாக்கை எல்லாரும் உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். நீங்களே எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள்? அதில் ஒருமுறைகூட நீங்கள் எதையும் கூட்டிச் சொன்னதில்லை.

எனக்கு இந்தக் குழந்தை வேண்டும் மாமா. ஏதாவது செய்யுங்கள்.

பிரத்யுஷா


செங்காந்தள் ரிசார்ட்,
11-10-94

என் கண்ணு பிரத்யுஷாவுக்கு,

இந்நேரம் எதிர்ச் சைட் காலியாகி இருக்கும். ஜன்னலைத் திறந்து நன்றாகப் பார்த்துக்கொள். காரியத்தை முடித்துவிட்டேன்! உன் மாமனைப் போல ஒருத்தன் இந்த ஜில்லாவில் உண்டா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உச்சிப் பொழுதுக்கு நரசிம்மலுவிடம் போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, துக்கம் சொல்லப் போகிறவன் எப்படி நிற்பானோ அப்படித் தள்ளி நின்றேன்.

"பீளமேட்டு ஊட்ல துக்கமுங்க. விசேஷம் நின்னுபோச்சுங்க" என்றேன்.

"அடடா, யாருங்க?"

உன் பெயரை வாயில் எடுக்க முடியுமா? மாப்பிள்ளை பெயரை எடுக்க முடியுமா? அவர் வேறு சூரத்தில் இருக்கிறார், சொன்னது பலித்துவிட்டால்? மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். "பொண்ணோட தாய்மாமனுங்க. பாலகோபாலு. காலையிலதான் போய்ச் சேர்ந்தாரு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாலகோபாலு நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. நான்தானுங்க."

மரத்தில் ஒரு காக்கா கத்திவிட்டு ஓய்ந்தது. பிறகு பாயில் ஒதுங்கி இடம் விட்டார். "அப்படிங்களா. அப்ப ஏனுங்க அங்கயே நிக்கறீங்க? இப்படி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

"கூட்டம் வந்துச்சுங்களா?" என்றார்.

விடுவேனா? "கூட்டமா? அவிநாசி ரோட்டுல பஸ் நின்னுபோச்சுங்க! மில்லு அத்தனைக்கும் லீவு. பேண்டு வாத்தியம் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. பூமாலை வெக்க இடமில்லாம லாரியில ஏத்துனாங்க. தங்கச்சி முறைக்காரங்க எல்லாம் வெள்ளகோவில்ல இருந்து வேன் புடிச்சு வந்து அழுதாங்க" என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துவிட்டது. நல்ல சாவு கண்ணு. இதைவிட நன்றாக ஒருத்தனுக்கு அமையாது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். "எனக்கு நாலு பேருகூட வரலீங்க" என்றார்.

வெயில் சாய்வதற்குள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். எப்படித் தகவல் போனது, எப்படி இத்தனை சீக்கிரம் வந்தார்கள் என்று கேட்காதே. வரிசையாக வந்து என் கையில் பாக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள், துக்க வீட்டு முறைப்படி பேசாமல். காளியாத்தாள் மட்டும், "பொண்ணு நல்லா இருக்கட்டுங்க, முகத்தைப் பாத்துட்டம்" என்றாள். அந்த வெற்றிலை வாடவே இல்லை. என் கையில் வந்த பிறகுதான் வாடிற்று.

அவர்கள் ஏமாந்தவர்கள் என்று நினைக்காதே. நான் சொன்னதில் எது பொய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொன்னவன் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பார்கள். எழுந்து பீளமேட்டுக்கு பஸ் ஏறினால் செத்தவன் எப்படி பஸ் ஏறுவான் என்று கேட்பார்கள், கூடவே கிளம்புவார்கள். அதனால் மாமன் இங்கேயே இருந்துகொள்கிறேன். இடம் நல்ல இடம். என் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது. இதுவரைக்கும் ஒருத்தர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை பந்தல், பலகாரம், நாதஸ்வரம் ஒன்றும் வேண்டாம். துக்க வீடு என்று சொல்லியாகிவிட்டது, என் பேச்சைக் காப்பாற்று. கோவில் திருவிழாவில் உனக்கென்று வாங்கின கண்ணாடி வளையல் பெட்டியில் இருந்தது, சென்னிமலையிடம் கொடுத்தனுப்புகிறேன். தங்கம் என்று சொல்லத்தான் வாய் வருகிறது, கண்ணாடிதான். நீயே சத்தமில்லாமல் போட்டுக்கொள். மாமன் போட்டதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. குழந்தை பிறந்து பேர் வைக்கிறபோது ஊரையே கூப்பிடு. எனக்கு மட்டும் பாக்கு வைக்காதே. எங்கேயாவது, எப்போதாவது என்னைப் பார்த்த மாதிரி இருந்தாலும் "வாங்க மாமா" என்று சொல்லிவிடாதே. மறந்துபோய்க்கூடச் சொல்லாதே. நீ கூப்பிட்டால் என்னால் வராமல் இருக்க முடியாது, நான் வந்தால் தனியாக வரமாட்டேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதா? இடது கையை ஊன்றிக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளியே வைத்து எழுதுகிறேன். பேஷனுக்குத்தான்.

எப்போதும் எழுதுகிற கடைசி வார்த்தையை இதில் எழுதவில்லை கண்ணு.

மாமன்


பீளமேடு,
20-1-95

மாமா,

இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். ரிசார்ட்டை மூடிவிட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் போடுகிறேன்.

பெண் குழந்தை. உங்கள் மூக்கு. சத்தமும் உங்களுடையதுதான், ஊருக்கே கேட்கும்படி அழுகிறாள். அவர் சூரத்திலிருந்து தீபாவளிக்கு முன்னால் வந்து சேர்ந்தார், நல்லபடியாக. அந்த இரண்டு எலிக்கு அப்புறம் வேறு எதுவும் விழவில்லை. பிளேக் ஓய்ந்துவிட்டது என்று பேப்பர்காரர்களும் மறந்துவிட்டார்கள்.

சென்னிமலை வளையலைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஐயா எப்பக் கிளம்பினார்னே தெரியலீங்க. ரூம் திறந்தே கிடந்துச்சு, பெட்டி இருந்துச்சு, செருப்பு புல்வெளியில ஒரு பாய்க்குப் பக்கத்துல இருந்துச்சு. அந்தப் பாய் எங்களுது இல்லீங்க" என்றார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். தேடுகிறார்கள். உங்கள் மாப்பிள்ளையும் வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். நான் எதுவும் சொல்லவில்லை. சீமந்த வெள்ளிக்கிழமை வளையலை நானே போட்டுக்கொண்டேன். ஒன்றுகூட உடையவில்லை.

நேற்று மத்தியானம் எதிர்ச் சைட்டில், கருவேல மரத்தடியில் ஒருவர் நின்றார். சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு கை தள்ளி இருந்தது. பக்கத்தில் யாரையும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் யாரிடமோ வாய் ஓயாமல் எங்கள் வீட்டைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மாடியைக் காட்டினார். புதுப் பெயிண்டைக் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

நான் குழந்தையைத் தூக்கி ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்தேன். அவர் பார்க்கும்வரை பிடித்திருந்தேன். ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது மாமா. இந்த ஊரில் பிறந்தவளுக்கு, வாசலுக்கு எதிரே தாய்மாமன் நிற்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

நாளைக்குப் பேர் வைக்கிறோம். நேஹா. தெரு முழுக்க, ஜன்னத் அக்கா வீடு வரைக்கும் பாக்கு வைத்தாயிற்று.

உங்களுக்கு வைக்கவில்லை.

பிரத்யுஷா